வாளையார் டீக்கடையும் ரோமாபுரி மிளகும்

நேயர்களுக்கு வணக்கமுங்க. வணிக வழி மாறுறப்ப பேரரசுங்க எப்படி எழும்புது, எப்படி விழுதுன்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. நான் தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்குற வாளையாருக்குப் பக்கத்து ஊருக்காரன். இந்த சமாச்சாரம் எனக்குப் பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல புரியலீங்க, எங்க மாமன் டீக்கடையிலதான் புரிஞ்சுது.

மாமன் கடை மெயின் ரோட்டு மேலயே. செக்போஸ்ட்டுக்கு முன்னாடி லாரி வரிசையா நிக்கும், தமிழ்நாட்டு லாரி, ஆந்திரா லாரி, நாசிக் வெங்காய லாரின்னு. பேப்பர் பார்த்து சீல் வெக்கிற வரைக்கும் டிரைவரும் கிளீனரும் என்ன பண்ணுவாங்க, டீ குடிப்பாங்க, பரோட்டா தின்பாங்க, தொட்டித் தண்ணியில குளிப்பாங்க, அதுக்கும் மாமன் காசு வாங்குவாரு. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்துச்சு, வரி செக்போஸ்ட எடுத்துட்டாங்க, லாரியெல்லாம் ஹாரன் அடிச்சுட்டே நேரா போக ஆரம்பிச்சுது. மாமன் டீ அதே டீதானுங்க, பால் கூட அதே வீட்டுப் பால், ஆனா பெஞ்சுல உக்கார ஆளில்ல.

இத மனசுல வெச்சுக்கங்க, 2000 வருஷம் பின்னால போவோம்.

மேற்கு மலை நெடுக அடைச்சுக் கிடக்கு, நம்ம பாலக்காட்டுல மட்டும் ஒரு 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்த மாதிரி இருக்குதில்லீங்களா, ஆடி மாசம் கூரை ஓட்டைத் தூக்குற காத்து வருதே, அந்த வழியாத்தான் அந்தக் காலத்து சரக்கும் போச்சு வந்துச்சு. அந்தப் பக்கம் பெரியாறு கடல்ல சேர்ற இடத்துல முசிறித் துறைமுகம். இந்தப் பக்கம் வெள்ளலூர், கொடுமணல், கரூர். கொடுமணல்ல இரும்பு உருக்குனாங்க, கல்மணி செஞ்சாங்க. வெள்ளலூர்ல குடம் குடமா ரோமானியக் காசு தோண்டி எடுத்திருக்காங்க. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்புச்சுன்னு அகநானூறுல ஒரு பாட்டே இருக்கு.

வியன்னாவுல ஒரு பாப்பிரஸ் தாள், அதாவது நாணல்ல செஞ்ச பழைய காலத்துத் தாள் இருக்குங்க, கி.பி. 2-ம் நூற்றாண்டு, முசிறி வியாபாரத்துக்கு கடன் வாங்குன பத்திரம். பின்பக்கம் ஹெர்மபொல்லோன்னு ஒரு கப்பலோட சரக்குக் கணக்கு. யானைத் தந்தம், வாசனைப் பொருள்னு எல்லாம் போட்டு, வரி போக மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ், அது ரோமானியக் காசு. அப்ப ஒரு ரோமானிய சிப்பாய்க்கு வருஷ சம்பளமே 1200 தான். வரி எவ்வளவுங்கறீங்க? நாலுல ஒரு பங்கு! 25 சதவீதம்! அந்தத் தாளப் பத்திப் படிச்சப்ப நான் சிரிச்சுட்டேன், ரோமாபுரிக்காரன் அப்ப தான் ஆண்ட எகிப்துல போட்டிருந்தது நம்ம வாளையார் மாதிரி ஒரு செக்போஸ்ட்டுதான்.

அப்புறம் 3-ம் நூற்றாண்டுல ரோமாபுரிக்குள்ளயே அடிதடி, வெள்ளிக்காசுல வெள்ளி குறைஞ்சு போச்சு, நேரா வர்ற கப்பலும் குறைஞ்சுது. மிளகு நின்னுடுச்சான்னா இல்ல, நடுவுல பாரசீகக்காரன், இப்ப எத்தியோப்பியா இருக்குற பக்கத்து ஆக்சும் நாட்டுக்காரன்னு வேற கை மாறிப் போச்சு. 408-ல கோத் படைத் தலைவன் அலாரிக் ரோமாபுரிய சுத்தி வளைச்சு நின்னப்ப, விட்டுட்டுப் போக என்ன கேட்டான் தெரியுமா, தங்கம் 5000 பவுண்டு, வெள்ளி 30000 பவுண்டு, கூடவே மிளகு 3000 பவுண்டு. நம்ம மலையில காய்ச்சது, அங்க ஒரு ஊரோட உயிருக்கு விலையா போயிருக்கு.

பின்னால வந்தவங்களும் இதே கதைதானுங்க. எகிப்த ஆண்ட மம்லூக் வம்சத்து சுல்தான் பர்ஸ்பே 1420கள்ல, மிளகு முழுக்க என் மூலமாத்தான் விக்கணும்னு பிடிச்சுக்கிட்டாரு. வெனிஸ்காரன் அங்க வாங்கி ஐரோப்பா பூரா வித்தான். விலை ஏற ஏற, வேற வழி இருக்கான்னு தேடறவனும் கூடுவானில்ல. 1498-ல வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவ சுத்திக்கிட்டு கோழிக்கோட்டுக்கு வந்தாரு. 1517-ல மம்லூக் ஆட்சியே போச்சு, துருக்கிக்காரன் எடுத்துக்கிட்டான், அதுக்கு மிளகு மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கஜானா ஓட்டையா இருந்தா பீரங்கி எங்கிருந்து வரும்?

இங்க ஒரு விஷயம், வாஸ்கோ வந்தாரு வெனிஸ் படுத்துச்சுன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. அப்படி இல்லீங்க. 16-ம் நூற்றாண்டு நடுவுல செங்கடல் வழி மிளகு மறுபடி வெனிசுக்கு ஜோராப் போச்சு. ஏன்னா போர்ச்சுகீசுக்காரன் சரக்க மலிவா கொண்டு போறத விட்டுட்டு கடல்லயே செக்போஸ்ட் போட்டான், கார்ட்டாஸ்னு ஒரு பர்மிட் சீட்டு, அது இல்லாத கப்பலப் பிடிச்சுக்குவான். ஆனா கடலுக்கு ஏது கதவு, தப்பிச்சுப் போறவன் போய்க்கிட்டே இருந்தான். வெனிசுக்கு நெஜமான அடி 1602-க்கு அப்புறம் டச்சுக் கம்பெனி வந்து சரக்க அள்ளுனப்பத்தான். அந்த டச்சுக்காரன் 1663-ல கொச்சிய போர்ச்சுகீசுக்கிட்ட இருந்து பிடிச்சான், 1741-ல குளச்சல்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாகிட்ட உதை வாங்கினான். மார்த்தாண்ட வர்மா கெட்டிக்காரருங்க. வழிய காவல் காத்துக்கிட்டு நிக்காம, மிளகையே அரசாங்கச் சரக்கா ஆக்கிட்டாரு, எந்த வழியில எவன் வந்தாலும் அவர்கிட்டத்தான் வாங்கணும். மிளகுக் கொடிய வளத்தவனுக்கு என்ன கிடைச்சுதுங்கறது தனிக் கதை, ரொம்ப சந்தோஷமான கதை இல்ல.

நம்ம கணவாய் மட்டும் சும்மா இருந்துச்சா? 1766-ல மைசூர் ஹைதர் அலி பாலக்காட்டுல கோட்டை கட்டுனாரு, அடுத்த நூறு வருஷத்துக்குள்ள இதே வழியா ரயில் வந்துச்சு, இப்ப நாலு வழிச் சாலை.

1869-ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க, செங்கடல் வழிக்கு மறுபடி யோகம். 2023 கடைசியில செங்கடல்ல கப்பல் மேல ஏவுகணை விழ ஆரம்பிச்சதும் கப்பலெல்லாம் பழையபடி ஆப்பிரிக்காவ சுத்திப் போச்சு, வாஸ்கோ வந்த அதே வழி! 2023-ல எகிப்துக்கு கால்வாய் வருமானம் 1000 கோடி டாலருக்கு மேல, 2024-ல 400 கோடி கிட்டத்தான்.

போன வாரம் இத மாமன்கிட்ட சொன்னேன். கிளாச கழுவிக்கிட்டே கேட்டாரு, "அப்ப அந்த எகிப்துக்காரன் என்ன பண்றான் மாப்ளே?"

"2025 மே மாசம் பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு 15 சதவீதம் தள்ளுபடி குடுத்தானாம் மாமா."

"நானும் டீ ரேட்ட ரெண்டு ரூபா குறைச்சுப் பார்த்தேன்"ன்னாரு.