தலையில கை வெச்சு ஓடினா 13% நஷ்டம்! வேகமா ஓடுறவங்க உடம்பை எப்படி வெச்சுக்கிறாங்க?

வணக்கம் மக்களே! புது ஷூ வாங்காம, ஓடுற தூரத்தையும் கூட்டாம, பந்தயத்துல நேரத்தைக் குறைக்க முடியுமா? முடியும். ஆனா நிமிஷத்துக்கு 180 ஸ்டெப் வெச்சே ஆகணும்னு ஆளாளுக்குச் சொல்ற அந்த "180 ஸ்டெப்" மந்திரத்தால இல்ல. அதைக் கொஞ்சம் கழிச்சு உடைக்கிறேன்.

முதல்ல இதைச் சொல்லுங்க. ஓடுறது கால்தானே, கை எதுக்கு ஆடுது? 70 கிலோ ஆளுக்கு ஒரு கை மட்டுமே சுமார் மூணரை கிலோ வரும். அதை ஆட்டாம வெச்சுக்கிட்டா சக்தி மிச்சம்தானே?

(திரையில்: டிரெட்மில்லில் ஓடும் நாலு பொம்மைகள்)

அமெரிக்காவுல கிறிஸ்டோபர் அரெல்லானோ, ரோஜர் கிராம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்துட்டாங்க. 2014-ல வெளிவந்த ஆய்வு. ஆளுங்களை டிரெட்மில்ல ஏத்தி, முதல்ல சாதாரணமா ஓட விட்டாங்க. அப்புறம் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஓடச் சொன்னாங்க, சக்திச் செலவு 3% கூடுச்சு. மார்புக்குக் குறுக்கே கட்டினா 9%. தலைமேல வெச்சா 13%! நம்ம ஊர்ல நஷ்டம் வந்தாதான் தலையில கை வைப்பாங்க, இங்க கை வெச்சதாலயே நஷ்டம்.

ஏன் இப்படி? வலது கால் முன்னாடி பாயும்போது இடுப்பு இடது பக்கமா திரும்பப் பார்க்குது. அதே நேரத்துல இடது கை முன்னாடி வந்து அந்தத் திருகலைச் சமன் பண்ணிடுது. கையைக் கட்டிட்டா அந்த வேலையைத் தோளும் நெஞ்சும் செய்யணும். நெஞ்சுக்கூட்டையே இடமும் வலமுமா திருப்புறதுக்கு, லேசான கையை ஆட்டுறது எவ்வளவோ மலிவு. இதைப் படிச்சதுல இருந்து எனக்குக் கைமேல தனி மரியாதை. அப்படிப்பட்ட கையில ஒரு பக்கம் ஃபோன், இன்னொரு பக்கம் தண்ணி பாட்டில் பிடிச்சுக்கிட்டு ரீல்ஸ் எடுத்தபடியே ஓடுறவங்களே, உங்களைத்தான் சொல்றேன்! முழங்கையை மடக்கி, தோளைத் தளர்த்தி, பின்னாடி இழுங்க. முன்னாடி அது தானா வரும்.

இப்போ தியரி, ஒரே வரி: ஒரே வேகத்துல ஓட யாருக்கு ஆக்சிஜன் கம்மியா செலவாகுதோ, அவங்கதான் சிக்கனமான ஓட்டக்காரர். முடிஞ்சது.

இந்தச் சிக்கனத்துல ஓடுற விதத்துக்கு எவ்வளவு பங்கு? இங்கிலாந்தோட லஃப்பரோ பல்கலைக்கழகத்துல 97 ஓட்டக்காரர்களை வெச்சு 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆளுக்கு ஆள் சிக்கனம் மாறுறதுல 39% வித்தியாசத்தை ஓடுற விதத்தை வெச்சே விளக்க முடிஞ்சது. அதுல மாட்டின முக்கியமான குற்றவாளிகள் ரெண்டு பேர்: குதிக்கிறது, பிரேக் போடுறது.

குதிக்கிற கணக்கைப் போடுவோம். 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துல ஓடுறீங்க, நிமிஷத்துக்கு 170 ஸ்டெப். மொத்தம் 10,200. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் இடுப்பு ஒரே ஒரு சென்டிமீட்டர் அதிகமா எகிறினா, மொத்தம் 102 மீட்டர். முப்பது மாடி ஏறுற உயரம், லிஃப்ட் இல்லாம! தசைநார்கள் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சத்தைத் திருப்பித் தந்துடும், முழுசும் வீண் இல்ல. ஆனாலும் எதுக்குங்க?

பிரேக் எப்படி விழுது? இடுப்புக்கு ரொம்ப முன்னாடி காலை நீட்டி, முட்டியை விறைப்பா வெச்சு, குதிகாலைத் தரையில அடிக்கிறது. வேகமா போறோம்னு நினைச்சு எட்டி வைப்போம், ஆனா தரை நம்மளைப் பின்னாடி தள்ளும்.

இங்கதான் 180 வருது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஜாக் டேனியல்ஸ்ங்கிற கோச் வீரர்களோட ஸ்டெப்பை எண்ணினார். கிட்டத்தட்ட எல்லாருமே 180-க்கு மேல. அவங்க ஒலிம்பிக் வீரர்கள், அதுவும் பந்தய வேகத்துல ஓடினவங்க! காலையில மெதுவா ஓடுற நீங்க அதைக் காப்பியடிச்சா மூச்சுதான் வாங்கும்.

"அப்போ அழகா ஓடுறவன்தான் ஜெயிப்பானா?" இந்தக் கமென்ட் வரும்னு தெரியும். எமில் ஜாட்டோபெக்னு ஒருத்தர், செக்கோஸ்லோவாகியா. தலை ஒரு பக்கம் சாய, முகம் வலியில கோண, யாரோ துரத்துற மாதிரிதான் ஓடுவார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல 5,000, 10,000 மீட்டர், மாரத்தான், மூணுலயும் தங்கம். மாரத்தான் அவருக்கு அதுதான் முதல் தடவை வேற! முகம் எப்படி இருந்தா என்ன, கால் சரியான இடத்துல விழுந்தா போதும்னு நான் சொல்வேன்.

சரி, நாளைக்கே பண்ணக்கூடிய வேலை. வழக்கமான வேகத்துல ஓடிக்கிட்டே வலது கால் தரையில படுறதை 30 விநாடி எண்ணுங்க, நாலால பெருக்குங்க. 40 வந்தா உங்க நம்பர் 160. வேகத்தை மாத்தாம அதை 5% மட்டும் ஏத்துங்க, அதாவது 168. கால் தானாவே இடுப்புக்குக் கிட்ட விழ ஆரம்பிக்கும், முட்டி மேல விழுற சுமையும் குறையும். முதல்ல சில நிமிஷத் துண்டுகளா மட்டும் பண்ணுங்க, பழகப் பழக நீட்டுங்க. பந்தயத்துக்கு முந்தின வாரம் இதை ஆரம்பிக்கவே கூடாது, கெண்டைக்கால் பிடிச்சுக்கும்.

எண்ணிட்டு உங்க நம்பரையும் உயரத்தையும் கமென்ட்ல போடுங்க. ஆறடி ஆளுங்க எத்தனை வைக்கிறாங்கன்னு பார்க்க எனக்கு ரொம்ப ஆசை!