வலம்புரியா, இடம்புரியா?

வணக்கம் நேயர்களே. நாம் ரசத்துக்குக் கரைக்கிற புளி இருக்கிறதே, அதன் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதுதான். 1848இல் பாரிஸில், 25 வயது லூயி பாஸ்டர் இந்த அமிலத்தின் ஓர் உப்பை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அதில் இரண்டு வகைப் படிகங்கள் கலந்து கிடந்தன. ஒன்றின் கண்ணாடி பிம்பம் மற்றொன்று, வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் மாதிரி. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தார். தனித்தனியே கரைத்து, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை உள்ளே விட்டால், ஒரு கரைசல் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். இதில் வானிலைக்கும் பங்குண்டு: ஏறத்தாழ 27 டிகிரிக்கு மேல் போனால் இரண்டு வகையும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்துவிடும். சென்னை மே மாதத்தில் இது நடந்தே இருக்காது!

ஆக, இங்கே மூலக்கூறுக்கே இடம் வலம் உண்டு. சரி, மூலக்கூறுக்கு அது இல்லையென்றால்? செங்கல்லுக்கு இடம் வலம் கிடையாது, ஆனால் அதே செங்கல்லால் சுழல் படிக்கட்டு கட்டினால் ஏதாவது ஒரு பக்கமாகத்தான் சுழல வேண்டும். பென்சோஃபீனோன் என்ற கரிமப் பொருளின் படிகம் அப்படித்தான், இடம் வலம் என்பது மூலக்கூறுகள் அடுக்கப்படும் விதத்தில் வருகிறது. எந்தப் பக்கம் என்பது முதலில் உருவாகும் விதைப்படிகத்தின் தற்செயல்.

அந்தத் தற்செயலில் நாம் கைவைக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1990இல் திலீப் கொண்டேபூடி குழு சோடியம் குளோரேட் கரைசலை (இதுவும் படிகத்தில் மட்டுமே இடம் வலம் காட்டும் ஓர் உப்பு) அசைக்காமல் விட்டபோது இரு வகையும் ஏறத்தாழ சரிபாதி. கலக்கிக்கொண்டே இருந்தபோது ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே வகை, ஏனென்றால் முதல் தாய்ப்படிகத்திலிருந்து உதிர்ந்த துணுக்குகளே அத்தனைக்கும் விதையாகிவிட்டன. 2005இல் கிறிஸ்டோபல் வியட்மா, கலந்து கிடந்த படிகங்களைக் கண்ணாடி மணிகளோடு அரைத்தே ஒரே வகையாக மாற்றினார். 2008இல் அது ஓர் அமினோ அமில வழிப்பொருளிலும் பலித்தது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை, கரைசலில் மூலக்கூறு இடம்புரியிலிருந்து வலம்புரியாகவும், வலம்புரியிலிருந்து இடம்புரியாகவும் மாறிக்கொள்ள முடிய வேண்டும்.

அப்புறம், எந்தப் பக்கம் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மெய்ர் லஹாவ், லெஸ்லி லைசரோவிட்ஸ் குழு செய்தது இது: படிகமாகும் மூலக்கூறைப் போலவே இருக்கும் வேறொரு வலம்புரிப் பொருளைத் துளி சேர்த்தால், அது வலம்புரிப் படிகத்தின் முகத்தில் ஒட்டி வளரவிடாமல் தடுக்கும், அதனால் இடம்புரிதான் முந்திக்கொண்டு படிகமாகும்.