அருவி வேண்டாம், ஓடை போதும்: சின்னப் பிள்ளைகளோடு ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு பகல்

[காட்சி: பீடோங், காலை 7.30. செம்பனை வரிசைக்கு மேலே நீலமாய் ஒரு மலை.]

வணக்கம். அதோ தெரிகிறதே, அதுதான் ஜெராய், மலேசியாவின் கெடா மாநிலத்து மலை. 1,217 மீட்டர். பீடோங் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்து லயத்து வாசலில் நின்றாலும் கண்ணில் படும். எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், மரம் வெட்டி முடித்துப் பால் எடுக்கப் போகும்வரை இந்த மலையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்ப்பாராம். கோப்பையில் பால் இறங்கும்போது மழை பிடித்தால் அன்றைய பாடெல்லாம் தண்ணீரோடு தண்ணீர். உச்சியில் மேகம் சுற்றிக்கொண்டால், "தலப்பா கட்டிருச்சு, ஓடுங்கடி" என்பாராம்.

அந்தத் தலப்பாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதை வைத்துத்தான் பேசப் போகிறோம்.

[காட்சி: வண்டியின் பின் இருக்கை. ஏழு வயதுப் பையன், மூன்று வயதுப் பாப்பா.]

எங்கள் வீட்டில் இந்த இரண்டு உருப்படிகள். "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகிறீர்கள்?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எல்லாரும் தேடுவது பெரிய அருவி. படத்துக்கு அதுதான் எடுப்பாக இருக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரிய அருவியில் என்ன வேலை? இரைச்சலில் பயந்து இடுப்பை விட்டு இறங்காது. அதற்கு வேண்டியது கணுக்கால் தண்ணீர், நாலு கூழாங்கல், அதைத் தூக்கிப் போட ஓர் இடம். அதனால் நாங்கள் மெர்போக் பக்கம் போகிறோம். பீடோங்கிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது.

கிழமை முக்கியம். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. இரண்டு மாநிலமும் ஒன்றாக ஓய்வெடுக்கும் சனிக்கிழமையில் ஆற்றோரம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலைதான் சரிப்படுகிறது.

[காட்சி: பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியக வளாகம். மரங்களுக்கு நடுவே கருங்கல் மேடை.]

முதல் நிறுத்தம் இங்கே. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளைப் பெரியவர்கள் பார்க்கட்டும். பிள்ளைகளை நேராக மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். இதுதான் புக்கிட் பத்து பாஹாட் சண்டி. சண்டி என்றால் பழைய கோயில். 1936, 37இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் தோண்டிப் பார்த்தார். பிறகு 1960 வாக்கில் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார்கள். இந்த வளாகத்தில் இருக்கும் மற்ற சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. இது மட்டும் பிறந்த இடத்திலேயே இருக்கிறது.

[காட்சி: மிக அருகில், ஒரு தூண் அடிக்கல்.]

இந்தக் கல்லைப் பாருங்கள். நடுவில் ஒரு குழி. மேலே இருந்தவை மரத் தூண்கள். அவை மக்கிப் போய்விட்டன, அவை நின்ற கல் மட்டும் மிச்சம். நேற்றைய மழைத் தண்ணீர் ஒரு கை அளவு தேங்கி நிற்கிறது. பாப்பா விரலை விட்டுக் கலக்குகிறாள். பையன், "இது சாமிக்குக் குவளையா?" என்கிறான். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மேல், அதாவது இந்தக் கெடாவின் மேல், படையெடுத்த கதையை அப்பா ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்தில் பையன் எறும்பு பார்க்கப் போய்விட்டான். கதை எங்கேயும் போகாது, வளர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கல் அப்படி இல்லை. இந்தப் பள்ளத்தாக்கிலேயே சுங்கை பத்து பக்கம் ஒரு சண்டியை 2013இல் வீடமைப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். அதனால் ஏறி மிதிக்காதே, கல்லைப் பெயர்க்காதே என்பதில் மட்டும் நான் கண்டிப்பு.

[காட்சி: சண்டிக்குப் பக்கத்தில் ஓடை.]

இப்போது தண்ணீர். இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும்.

ஜெராய் கடலோரச் சமவெளியில் தன்னந்தனியாக எழும்பி நிற்கும் மலை. கடல் காற்று கொண்டுவரும் ஈரம் முட்டுவதற்கு வேறு மலை இல்லை. அதனால் மழையெல்லாம் இதன் தலையில். சரிவும் செங்குத்து, ஆறுகளும் குட்டை. உச்சியில் கொட்டும் மழை, நாம் நிற்கும் இடத்துக்கு வர அதிக நேரம் பிடிக்காது. இங்கே வெயில் அடிக்கும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கும், மேலே வெள்ளம் புறப்பட்டிருக்கும். மலாயில் இதைக் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள், தண்ணீரின் தலை. 2021 ஆகஸ்ட் 18இல் இந்த மலையிலிருந்தே அப்படி இறங்கியது. பாறையும் வேரோடு பிடுங்கிய மரமுமாக யான், மெர்போக் பகுதிகளில் பாய்ந்தது. 6 பேர் இறந்தார்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. நாங்கள் இன்றைக்கும் வந்திருக்கிறோம், பாருங்கள். ஆனால் வந்ததும் முதல் வேலை இதுதான்.

[காட்சி: பையன் தண்ணீர் விளிம்பில் வெள்ளைக் கல் ஒன்றை வைக்கிறான்.]

தண்ணீர் தொடுகிற ஓரத்தில், சரியாக அந்தக் கோட்டில், ஒரு கல். அதற்குக் காவல்காரன் என் மகன். கல் நனைந்தால் கத்த வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னும் காஞ்சுதான் இருக்கு" என்று பெரிய மனுசன் மாதிரி சொல்லிவிட்டுப் போவான். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலும், மேலிருந்து லாரி வருவது மாதிரி இரைச்சல் கேட்டாலும் சாமான் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றோடு கீழே ஓடக் கூடாது, கரையை விட்டு மேலே. மலை தலப்பா கட்டினாலே எங்களுக்குப் போதும், கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் இடி மழை பிற்பகலில்தான் வரும். அதனால் காலையிலேயே தண்ணீர், 12 மணிக்கு வண்டி.

[காட்சி: இரண்டு ஜோடிக் காலணி. ஒன்று சிலிப்பர், ஒன்று பின்வார் வைத்தது.]

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. போன வருடம் பாப்பாவின் சிலிப்பர் ஒன்று கழன்று மிதந்தது. நான் சிலிப்பரைப் பார்த்தேன், பையன் அதன் பின்னாலேயே பாய்ந்தான். நாலு எட்டில் முழங்கால் தண்ணீர் இடுப்பளவாகிவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அன்றிலிருந்து பின்வார் வைத்த செருப்புதான். இன்னொரு விதியும் உண்டு: தண்ணீர் எதைக் கொண்டுபோனாலும் கொண்டுபோகட்டும், வேறு வாங்கிக்கலாம். காற்று ஊதும் வளையமும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் அது பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற படகு. ஆழத்தில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் உயிர்காப்புச் சட்டை. பிள்ளை முங்கும்போது சத்தம் போடாது, அதையும் மறக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல்.

மலைத் தண்ணீர் குளிர். கால் மணி நேரத்தில் பாப்பாவின் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். உடனே கரை, துண்டு, சூடான மைலோ.

[காட்சி: தூக்குச்சட்டி திறக்கிறது. புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை.]

பசியாற நேரம். கடையில் தப்பாவ் பொட்டலம் கட்டி வராதீர்கள். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டாலே இங்கிருக்கும் குரங்குகள் இறங்கிவிடும். பாட்டி தோட்டத்துக்குக் கொண்டுபோன அதே தூக்குச்சட்டியைத்தான் நாங்கள் எடுத்து வருகிறோம், இதுவரை ஒரு முட்டைகூடப் பறிபோகவில்லை. அட்டை கடித்தால் பதறாமல் நகத்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

வீடு போன பிறகும் ஒரு விஷயம். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு, மலாயில் 'கென்சிங் திக்குஸ்'. ஆற்றுத் தண்ணீர் வழியாகத் தொற்றும், புண் இருந்தால் இன்னும் சுலபம். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் காய்ச்சலாகத் தெரியும். அதற்குள் நாம் ஆற்றையே மறந்திருப்போம். அதனால் அடுத்த ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதலில் "ஆற்றில் குளித்தான்" என்று சொல்லுங்கள்.

[காட்சி: வீட்டு ஜன்னல். மலை இருக்கும் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் நிறம் மட்டும்.]

மணி மூன்றரை. பாப்பா தூங்குகிறாள். ஜெராய் முழுசாகத் தலப்பாவுக்குள் போய்விட்டது, முதல் இடியும் கேட்டாயிற்று. காவல்காரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அம்மா, என் கல்லு இப்ப முங்கியிருக்குமா?"