போரிஸ் நிலக்கிழார் ஆர்தர் கவானா

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் உள்ள போரிஸ் மாளிகையில் 1831 மார்ச் 25 அன்று பிறந்த ஆர்தர் மக்மரோ கவானாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய உடலைச் சொல்லி வியந்து, அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். கைகால்கள் இருக்க வேண்டிய இடத்தில் குறுகிய அடிப்பகுதிகள் மட்டுமே இருக்கப் பிறந்தவர் அவர். ஆனால் அவரை ஒரு நிலக்கிழாராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் எடைபோடுவதே அவருக்குச் செய்யும் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருடைய தாய் ஹாரியட், மகனைப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. நாற்காலி போல் குழிவாகச் செய்த சேணத்தில் உடலை வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடிவாள வாரைத் தோளடியில் இருந்த அந்தக் குறுந்தண்டுகளால் பற்றிக் குதிரையைச் செலுத்தக் கற்றார் அச்சிறுவர். வேட்டைநாய்களின் பின்னே வேலி தாண்டிப் பாய்ந்தார், தூண்டில் போட்டார், குறிதவறாமல் சுட்டார், படமும் வரைந்தார்.

1849இல் அண்ணன் தாமஸுடனும் ஆசிரியர் ஒருவருடனும் புறப்பட்டு, ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட தாமஸ் வழியிலேயே காசநோயால் இறந்துபோக, கையில் பணமில்லாத ஆர்தர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் குதிரையில் தபால் சுமந்தார்; பின்னர்ப் புனே வட்டாரத்தில் நிலஅளவைத் துறையில் வேலை பார்த்தார். மற்றோர் அண்ணன் சார்லஸும் இறந்த பிறகு, 1853இல் கார்லோ, கில்கெனி, வெக்ஸ்ஃபோர்டு ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக்கிடந்த குடும்ப நிலங்கள் அவர் பொறுப்புக்கு வந்தன.

உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. குடியானவர்களின் வீடுகளைத் தாமே திட்டமிட்டுப் போரிஸ், பாலிராகெட் ஆகிய ஊர்களைப் புதுப்பித்தார். போரிஸுக்கு ரயில் பாதை வரப் பொருளுதவி செய்தார். காலையில் மாளிகை முற்றத்து ஓக் மரத்தடியில் அமர்ந்து, வழக்கும் முறையீடுமாய் வந்தவர்களை விசாரித்தார். தாம் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவராயினும், நியூ ராஸ் ஏழையர் விடுதியில் கத்தோலிக்கர்களுக்கு வழிபாட்டுக்கூடம் கிடைக்கச் செய்தவர் அவர்தாம். கருணையும் உழைப்பும் நிறைந்த நிர்வாகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குத்தகையை உயர்த்துவதும் குடியை வெளியேற்றுவதும் நிலக்கிழாரின் விருப்பத்தையே பொறுத்திருந்த அமைப்பில், நல்லவர் ஒருவரின் கருணை மட்டும் விவசாயிக்குப் போதுமான காப்பாகுமா?

1866இல் வெக்ஸ்ஃபோர்டிலிருந்தும், 1868 முதல் கார்லோவிலிருந்தும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். உறுப்பினரல்லாதவர் அவைக்குள் வரக்கூடாது என்ற விதியை அவருக்காகத் தளர்த்தியதால், பணியாளர் அவரைச் சுமந்து வந்து இருக்கையில் அமர்த்தினார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்பதில் அசையாத கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் அவர். எனினும் குத்தகைதாரர்களுக்கு ஓரளவு பாதுகாப்பளித்த 1870 நிலச் சட்டத்தை ஆதரித்தார்.

1872இல் ரகசிய வாக்குச்சீட்டு முறை வந்தது. அதற்கு முன்பு குத்தகைதாரர்கள் ஊரறிய, நிலக்கிழாரின் ஆட்கள் பார்த்திருக்க, வாக்களித்தனர். அதன்பின் ஒரு குத்தகைதாரர் யாருக்கு வாக்களித்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்தது. விளைச்சல் பொய்த்து, குத்தகைதாரர் உரிமைக்காகப் போராடிய நிலச் சங்கத்தின் கிளர்ச்சி பரவிக்கொண்டிருந்த 1880இல் நடந்த தேர்தலில் கவானா தோற்றார். அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லெய்ன்ஸ்டரைப் பண்டு ஆண்ட அரசர்களின் வழிவந்த குடும்பம் என்ற பெருமையும், தம் குடிகள் தம்மவரே என்ற நம்பிக்கையும் கொண்டிருந்தவருக்கு, தம் சொந்தக் குத்தகைதாரர்களே எதிர்த்து வாக்களித்தது மிகக் கடுமையாக வலித்தது. அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் நன்றி மறந்தவர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. நிலக்கிழார் மாறினாலும் மாறாத உரிமையை அவர்கள் கேட்டார்கள்.

அயர்லாந்தின் நிலக் குத்தகை முறையை ஆராய அதே ஆண்டு அமைந்த பெஸ்பரோ ஆணையத்தில் அவரும் ஓர் உறுப்பினர். நியாயமான வாடகை, நிலத்திலிருந்து வெளியேற்றப்படாத உறுதி, குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகியவற்றை ஆணையம் பரிந்துரைத்தபோது, அவர் உடன்படாமல் தனி அறிக்கை எழுதினார். ஆணையத்தின் வழியிலேயே பிரதமர் கிளாட்ஸ்டனின் 1881 நிலச் சட்டம் அமைந்தது. கவானா 1889 கிறிஸ்துமஸ் நாளன்று லண்டனில் மறைந்தார். அவர் காத்து நின்ற நிலவுடைமையை, 1903ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கடன் கொடுத்து விவசாயிகள் கைக்கு விரைந்து மாற்றத் தொடங்கியது.