திடும் கேட்கிற தூரம்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு மேற்கே ஒன்றரை மைலில் மாரியம்மன் கோயில். ஆடியில் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டி ஜமாப் மேளம் அடித்தால், ஒவ்வோர் அடியும் எங்கள் காதுக்கு வர 7 விநாடி ஆகும். அதிலும் உருமி, சலங்கை எல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். திடும் என்கிற மேளத்தின் 'தும்' மட்டும் வந்து சேரும். கோயிலுக்கு மேற்கே அதே தூரத்தில் இருந்த அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, அதுவும் கேட்காது. "இந்த வருசம் நோம்பியே இல்லீங்களா?" என்பார். மேற்கிலிருந்து வீசும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செய்கிற வேலை அது. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். அதனால் காற்றோடு போகும் ஒலி தரைப்பக்கம் வளையும், எதிர்த்துப் போவது மேலே எழும்பிப் போய்விடும்.

இதையே இசையாக அமைத்தவர் ஜான் லூதர் ஆடம்ஸ் என்கிற அமெரிக்கர். 1978இல் அலாஸ்காவுக்குக் குடிபோய், பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தவர். 2014இல் இசைக்கான புலிட்சர் பரிசும் வாங்கினார். அது கிடக்கட்டும், நான் பேச வந்தது அவருடைய 'இனுக்சுட்' என்கிற இசைப் படைப்பு பற்றி. 2009இல் வந்தது. வடதுருவ மக்கள் வழி அடையாளத்துக்கு அடுக்கி வைக்கும் கற்களின் பெயர் அது. 9 பேரிலிருந்து 99 பேர் வரை, திறந்த வெளியில் தாள வாத்தியம் வாசிக்கலாம். மூச்சுச் சத்தத்தில் தொடங்கும், சங்கு ஊதுவார்கள், மேளம் வலுக்கும், கடைசியில் பறவைக் குரலாக அடங்கும். வாசிப்பவர்கள் வெளியெங்கும் பிரிந்து நிற்பார்கள், முன்னால் நின்று கைகாட்டி நடத்த ஆள் கிடையாது. கேட்பவர்கள் நடுவே நடந்துகொண்டே கேட்கலாம். நான் முதலில் ஹெட்போனில் கேட்டேன், சப்பென்று இருந்தது. உட்கார்ந்த இடத்தில் கேட்டால் அப்படித்தானே இருக்கும்!

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகர அருங்காட்சியகத்தில் 2006 முதல் அவர் அமைத்த ஓர் அறையும் உண்டு. நில அதிர்வு ஆழ்ந்த முழக்கமாகவும், துருவ ஒளி கூரையிலிருந்து மணியோசையாகவும் அங்கே கேட்கும். அப்படி ஓர் அறை பல்லடத்தில் கட்டினால் காற்றாலைகளைத்தான் இணைக்க வேண்டும்.

போன ஆடியில் பேரனோடு கோயிலிலிருந்து இட்டேரி வழியாக நடந்து வந்தேன். முதல் வளைவில் சலங்கை போனது. வேலாமரம் தாண்டியதும் உருமி போனது. கிணற்று மேட்டில் வெறும் 'தும்'. அப்புறம் அதுவும் இல்லை.

"மேளம் நிறுத்திட்டாங்களா, தாத்தா?"

"இல்லடா கண்ணு, காத்து நின்னுருச்சு."