தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று வருடம் முன்னாலேயே வந்த பூசை

[காட்சி: டர்பன். இம்மானுவேல் பேராலயம், அருகே ஜும்மா மசூதி, விக்டோரியா தெரு மார்க்கெட்]

வணக்கம். பேராலயத்துக்கு அருகே ஓடும் இந்தத் தெருவின் பெயர் டெனிஸ் ஹர்லி தெரு. 1951 முதல் 1992 வரை டர்பனின் பேராயர். நிறவெறியை எதிர்த்தவர் என்றுதான் நம்மவர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் ஆங்கிலத் திருப்பலியின், அதாவது பூசையின், மொழிபெயர்ப்பைக் கவனித்த சர்வதேசக் குழுவுக்கும் 1975 முதல் 1991 வரை அவர்தான் தலைவர்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பூசை பார்ப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அதனால் ஆங்கிலப் பூசையை எப்படி மொழிபெயர்ப்பது என்ற சண்டை நம் வீட்டுச் சண்டையும்கூட.

[திரையில்: 1969, 2001]

1969-ல் ரோமாபுரி சொன்னது: கருத்தைச் சொல்லுங்கள், மக்கள் பேசும் மொழியில் இருக்கட்டும். அப்படி வந்ததுதான் 1973-ன் ஆங்கிலப் பூசை. அதைத் திருத்தி, ஆயர் பேரவைகளே ஒப்புக்கொண்டு 1998-ல் அனுப்பிய புதிய பதிப்பை வத்திக்கான் ஏற்கவில்லை. 2001-ல் விதியே மாறியது: லத்தீன் மூலத்தை ஒட்டியே மொழிபெயர்க்க வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. புதிய மொழிபெயர்ப்பின் ஒரு பகுதிக்கு 2008-ல் ரோமாபுரி ஒப்புதல் தந்தது. பாட்டுக்கு இசையமைக்கவும் மக்களைப் பழக்கவும் மட்டும்தான் அந்த அனுமதி. தென்னாப்பிரிக்க ஆயர்களோ, சரி, ஆரம்பிக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2008 நவம்பர் 30, கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மற்ற நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வந்தது 2011-ல்!

குருவின் வாழ்த்துக்கு மக்கள் சொல்லும் பதிலில் 'அண்ட் ஆல்ஸோ வித் யூ' போய் 'அண்ட் வித் யுவர் ஸ்பிரிட்' வந்தது. தமிழ்ப் பூசை தெரிந்த பாட்டிக்கு இதில் அதிர்ச்சி இல்லை. 'உம் ஆன்மாவோடும் இருப்பாராக' என்றுதானே நாம் சொல்கிறோம். நற்கருணை வாங்குமுன் சொல்லும் ஜெபத்தில் 'என் கூரைக்குள் நீர் வர' என்ற நூற்றுவர் தலைவனின் பேச்சு, மத்தேயு 8-ல் உள்ளபடியே, திரும்பி வந்தது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் எளிதாக இருந்த 'ஒன் இன் பீயிங்' இடத்தில் 'கன்சப்ஸ்டான்ஷியல்'! ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதைச் சேர்ந்து சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் முணுமுணுப்போடு நிறுத்திவிடுவார்கள்.

ருஸ்டன்பர்க் ஆயர் கெவின் டௌலிங் 'சதர்ன் கிராஸ்' கத்தோலிக்க வார இதழில் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவருக்கு இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. 1960-களில் திருச்சபையைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திறந்த கதவை மெல்ல மூடுகிறார்கள் என்பதுதான் அவர் கவலை. எனக்கும் அதுதான் முக்கியமாகப் படுகிறது. உள்ளூர் ஆயர்களின் உழைப்பை ரோமாபுரி ஒரே கடிதத்தில் ஒதுக்கிவிட முடியுமா? ஹர்லி 2004-லேயே காலமானார். இந்தக் கூத்தைப் பார்க்கவில்லை.

2008-ன் அனுமதியைத் தவறாக எடுத்துக்கொண்டது தெரிந்த பிறகும் மக்களைத் திரும்பப் பழைய பதிலுக்கு இழுக்கவில்லை. மாறிய இடங்களில் அப்படியே தொடர விட்டார்கள்.

2017-ல் போப் பிரான்சிஸ் மொழிபெயர்ப்புப் பொறுப்பில் பெரும்பகுதியை ஆயர் பேரவைகளிடமே திருப்பிக் கொடுத்தார். அதை வைத்து ஆங்கிலப் பூசையை யாரும் அவசரமாகத் திருத்தக் கிளம்பவில்லை. மறுபடியும் எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொல்ல எந்த ஆயருக்குத் தைரியம் வரும்?