கட்டுமரம் கடல் தாண்டிய கதை

நேயர்களுக்கு வணக்கம். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கட்டுமரத்தை விளக்க வேண்டியதில்லை. லேசான மரங்களைப் பக்கம் பக்கமாகக் கயிற்றால் கட்டியது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள். அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிவிடும், அவ்வளவுதான்.

இந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆனது. இன்று அப்படிச் சொன்னால் இரண்டு உடல்களை இணைத்த இரட்டைப் படகு என்று பொருள். வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி, 1697-இல் வந்த தன் பயண நூலில் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பற்றி எழுதுகிறார். ஒன்றிரண்டு மரம், ஒரே ஆள், அவர் காலும் பின்புறமும் எப்போதும் தண்ணீரில். இரட்டைப் படகு என்ற பேச்சே இல்லை. இதை மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். கடல் சீறுகிற நாளில், கரைக்கும் கப்பலுக்கும் ஆளையும் சரக்கையும் ஏற்றிப்போகும் மசூலாப் படகைக்கூட இறக்க முடியாது. அப்போதும் கட்டுமரக்காரர் கிளம்புவார். தலையில் கூம்பு மாதிரி ஒரு தொப்பி, அதற்குள் கடிதம். அலை ஆளைப் புரட்டிப் போடும். ஆள் முங்கி எழுந்து, நீந்திப்போய் மரத்தைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார். கடிதம் நனையாமல் கப்பலுக்குப் போய்ச் சேரும். எனக்குச் சலிக்காத காட்சி இது. அதிலேயே நேரத்தைக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது!

சரி, சொல் போன போக்கைப் பாருங்கள். 1804 அக்டோபரில் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் கப்பல்கள்மீது ஆங்கிலேயர் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரின் யோசனை அது. அந்தப் பெட்டிக்கும் கேட்டமரன் என்றே பெயர். பெரிய சேதம் ஒன்றும் இல்லை. அப்புறம் அடங்காப்பிடாரிப் பெண்ணையும் அதே சொல்லால் திட்டினார்கள். ‘கேட்’ என்றதும் பூனைச் சண்டை நினைவுக்கு வந்ததோ என்னவோ.

நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1876-இல் அமெரிக்காவில் நதானியேல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகில் வந்து போட்டியில் முந்தினார். மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், பரிசு கைநழுவியது. கேட்டமரன் என்ற பெயர் மட்டும் இரட்டை உடல் படகோடு ஒட்டிக்கொண்டது. இரட்டைத் தோணியில் பசிபிக்கைக் கடந்தவர்கள் பாலினீசியர்கள். அவர்கள் வகைப் படகு, நம் பெயர்! அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். வணக்கம்.